நெல்லைச் சீமையின் புதிய வட்டவலைச் சிலந்தியை அறிவியலுக்கு விவரிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பிசானத்து நடவு முடிந்து, ஐப்பசி மழையும் ஓரிரு முறை பெய்து ஓய்ந்த பிறகு, விடியற்காலையில் அம்பாசமுத்திரத்து வயல்வரப்பில் நடந்தால் பனித்துளி கோத்து நிற்கும் வட்டவலைகள் கண்ணில் படாமல் போகா. அவற்றுள் சிலவற்றின் நடுவில் நெல்மணியினும் சிறிய ஒரு சிலந்தி அமர்ந்திருக்கும். அதைப் படமெடுத்து, தெரிந்த படங்களோடு ஒப்பிட்டு, எதனோடும் பொருந்தவில்லை என்று கண்டதும் மனம் துள்ளுகிறது: இது புதிதோ? அந்தத் துள்ளலுக்கும், அச்சிலந்தி ஒரு பெயரோடு அறிவியல் பட்டியலில் ஏறும் நாளுக்கும் இடையே செய்யவேண்டிய வேலைகளை வரிசையாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். கல்லூரி மாணவர்களையும், முறையான பயிற்சி இல்லாமலே சிலந்திகளை ஊன்றிக் கவனிக்கும் ஆர்வலர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். புதிய சிற்றினம் காட்டில் கண்டுபிடிக்கப்படுவதில்லை, மேசையில் கண்டுபிடிக்கப்படுகிறது. ஏற்கெனவே பெயரிடப்பட்ட எந்தச் சிலந்தியும் இது அன்று என்று நிறுவுவதுதான் வேலையின் பெரும்பகுதி. உலகில் பெயரிடப்பட்ட சிலந்திச் சிற்றினங்களின் எண்ணிக்கை 2022 ஏப்ரலில் 50,000-த்தைத் தொட்டது. வட்டவலை பின்னும் அரேனிடே குடும்பத்தில் மட்டும் 3,000-க்கும் மேற்பட்டவை உள்ளன. உங்கள் கையிலுள்ளது அவற்றுள் ஒன்றாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்ற ஐயத்தோடு தொடங்குகிறவரே இவ்வேலையைச் சரியாக முடிப்பார்.

முதற்படி: அனுமதி

களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள், அதாவது பாபநாசத்துக்கு மேலே காரையாறு, சேர்வலாறு, முண்டந்துறை, மணிமுத்தாற்றுக்கு மேலே மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, கோதையாறு என்ற பகுதிகளில், தமிழ்நாடு தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துமூலமான அனுமதி இல்லாமல் ஒரு சிலந்தியைக்கூடச் சேகரிக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் யானைக்கும் புலிக்கும் மட்டும் உரியது என்று நினைத்துக்கொண்டு, ‘பூச்சிதானே’ என்று குப்பியில் போட்டு வருகிறவர்கள் உண்டு. சட்டம் ஒருபுறம் இருக்க, அனுமதி எண் இல்லாத மாதிரியை வைத்து எழுதிய கட்டுரையை நல்ல ஆய்விதழ்கள் ஏற்பதில்லை என்பதையாவது அவர்கள் எண்ணிப் பார்க்கலாம். விண்ணப்பம் ஒரு கல்லூரி அல்லது ஆய்வு நிறுவனம் வழியாகச் செல்வதே நடைமுறைக்கு உகந்தது. தனியாக இருப்பவர் முதலில் ஓர் ஆய்வாளரோடு சேர்ந்துகொள்வது நல்லது.

காப்பகத்துக்கு வெளியிலும் நிலம் விரிந்து கிடக்கிறது. கல்லிடைக்குறிச்சி வாழைத்தோட்டங்கள், தாமிரபரணிக் கரை, நாங்குநேரி, இராதாபுரம் பக்கத்து உடைமரக் காடுகள், திசையன்விளையை ஒட்டிய செந்நிறத் தேரி மணல் என இவற்றில் பல இடங்களுக்கு நில உடைமையாளரின் சம்மதம் போதும். எல்லோரும் மலைக்கே ஓடுவதால், தேரியின் சிறு சிலந்திகளைத் தேடிச் சென்றவர் மிகக் குறைவு என்பது என் எண்ணம்.

மாதிரியை வெளிநாட்டு வல்லுநருக்கு அனுப்ப எண்ணினால் 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டம் குறுக்கே வரும். அதற்குச் சென்னையிலுள்ள தேசிய உயிரியல் பல்வகைமை ஆணையத்தின் விதிகளின்படி நடக்க வேண்டும். ‘சும்மா ஒரு சிறு குப்பிதானே’ என்று அஞ்சலில் அனுப்பிவிடக் கூடாது.

இரண்டாம் படி: வலையைப் பதிவு செய்தல்

சிலந்தியைத் தொடுவதற்கு முன் வலையை எழுதிக்கொள்ளுங்கள். குப்பிக்குள் போன சிலந்தி நூறாண்டு இருக்கும். வலை அன்று மாலையே இல்லாமற் போகும். நடுமையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது, வலையின் குறுக்களவு என்ன, ஆரநூல்கள் எத்தனை, வலை செங்குத்தாக நிற்கிறதா, சாய்ந்திருக்கிறதா, கிடையாகக் கிடக்கிறதா, மையம் மூடியிருக்கிறதா, ஓட்டையாக உள்ளதா, மையத்தை ஒட்டிக் குப்பைக் கோடோ வெண்பட்டு அலங்காரமோ இருக்கிறதா, சிலந்தி பகலிலும் மையத்தில் அமர்கிறதா, இலையைச் சுருட்டி ஒளிகிறதா என்பவற்றையெல்லாம் குறிக்க வேண்டும். அந்திநேரத்தில் வலை கட்டி விடியலில் அதைத் தின்று மறையும் சிலந்திகளை மாலை ஆறரைக்கு மேல் தலைவிளக்கோடு தேடினால்தான் காண முடியும். வலை கண்ணுக்குப் புலப்படாவிட்டால் கைத்தெளிப்பானால் மெல்லிய நீர்த்திவலை தெளித்துப் பின்னால் கறுப்புத்துணி பிடித்தால் படம் தெளிவாக வரும். மாவு தூவுவது பழைய வழக்கம். ஆனால் அது சிலந்திக்கு அவ்வளவு நல்லதன்று.

உயிரோடிருக்கும் சிலந்தியை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் முகத்துக்கு நேராகவும் படமெடுங்கள். பச்சையும் மஞ்சளும் எரிசாராயத்தில் சில வாரங்களில் வெளுத்துவிடும். பின்னர் நீங்கள் எழுதப்போகும் ‘உயிருள்ள நிலையில் நிறம்’ என்ற பத்திக்கு இந்தப் படங்களே ஆதாரம்.

மூன்றாம் படி: முதிர்ந்தவற்றைப் பெறுதல்

இளஞ்சிலந்தியை வைத்துச் சிற்றினத்தை விவரிக்க முடியாது. சிலந்திகளைப் பிரித்தறிய உதவுபவை இனப்பெருக்க உறுப்புகள். அவை கடைசித் தோலுரிப்புக்குப் பின்னரே முழு வடிவம் பெறுகின்றன. ஆணுக்கு வாயருகே சிறு கால்கள்போல நீண்டிருக்கும் இரு பெடிபால்ப்புகளின் நுனி, குத்துச்சண்டைக் கையுறைபோல் வீங்கியிருந்தும் உள்ளே அமைப்பு எதுவும் தெரியவில்லையானால் அது இன்னும் ஒரு தோலுரிப்புக்குக் காத்திருக்கிறது என்று பொருள். பெண்ணின் அடிவயிற்றில் நூலிழை முனைகளுக்கு முன்னே கடினமான தட்டு ஏதும் தெரியாமல் வழவழப்பாக இருந்தால் அதுவும் அப்படியே.

அத்தகைய இளசுகளைக் கொல்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, மேல்மூடியில் ஊசித்துளைகள் இட்ட உயரமான பிளாஸ்டிக் டப்பாவில், ஒரு காய்ந்த சுள்ளியைக் குறுக்கே நிறுத்தி வளர்க்கலாம். கனிந்த வாழைப்பழத்தோலைத் திறந்து வைத்தால் பழ ஈக்கள் தாமே வரும். இரையைத் தேடி அலைய வேண்டியதில்லை. இரண்டு நாளுக்கொரு முறை நீர் தெளிக்க வேண்டும். மாதக்கணக்கில் எடுக்கலாம். பொறுமையின்றி முதிராத ஒன்றைக் குப்பியில் இட்டுவிட்டுப் பின்னர் வருந்துவதைவிட இது மேல். உரித்த தோலையும் எறியாமல் அதே குப்பியில் போட்டு வையுங்கள்.

பல சிற்றினங்களில் ஆண் சிலந்தி பெண்ணைவிட மிகச் சிறிதாகவும் வேறு தோற்றத்திலும் இருக்கும். வலையோரத்தில் ஒண்டியிருக்கும் அந்தச் சின்னஞ்சிறு உருவம் பெரும்பாலும் அதே வலையில் வாழும் பெண்ணுக்குரியதே. இருந்தாலும், ‘பெரும்பாலும்’ என்ற சொல்லுக்குள் எத்தனையோ பிழைகள் ஒளிந்துள்ளன. வலையில் இணையாகக் கண்டதைக் குறிப்பேட்டில் எழுதாமல் விட்டால் பின்னர் ஆணையும் பெண்ணையும் இணைக்க வழி இராது.

நான்காம் படி: பாதுகாத்தலும் சீட்டெழுதுதலும்

உருவ ஆய்வுக்கு 70 முதல் 75 விழுக்காடு எத்தனால், அதாவது எரிசாராயம், போதும். டிஎன்ஏ எடுப்பதற்கு 95 விழுக்காட்டுக்கு மேலான எத்தனாலில் இட்டுக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். நல்ல எத்தனால் கடையில் கேட்டால் கிடைக்காது; ஆய்வக உரிமம் உள்ள நிறுவனத்தின் வழியாகவே பெற முடியும். கைகழுவும் சானிடைசரை மாற்றாகப் பயன்படுத்தாதீர்கள். அதன் பசைத்தன்மை உறுப்புகளில் படிந்துவிடும்.

சீட்டுக்கு வருவோம். சீட்டு குப்பிக்கு உள்ளே இருக்க வேண்டும், வெளியில் ஒட்டக் கூடாது. தடித்த தாளில் பென்சிலாலோ எரிசாராயத்தில் கரையாத மையாலோ எழுத வேண்டும். பால்பாயிண்ட் மை கரைந்து ஓடி நீலக்குழம்பாகிவிடும். முதல் ஆண்டில் நான் இழந்த ஒன்பது குப்பிகளின் கதை இதுவே. ‘மணிமுத்தாறு’ என்று மட்டும் எழுதிய சீட்டு யாருக்கும் பயன்படாது. அது அணையா, அருவியா, ஆறா, ஊரா? நாடு, மாநிலம், மாவட்டம், வட்டம், இடம், ஆள்கூறு, கடல்மட்ட உயரம், வாழிடம், நாள், பிடித்த முறை, பிடித்தவர் பெயர் ஆகியவை அனைத்தும் வேண்டும். 2019-இல் தென்காசி தனி மாவட்டமானதால், அதற்கு முந்தைய ‘திருநெல்வேலி மாவட்டம்’ என்ற சீட்டுகள் இன்று எந்த மாவட்டத்தைக் குறிக்கின்றன என்று நாமே தடுமாறுகிறோம். எல்லைகள் மாறும்; ஆள்கூறு மாறாது.

ஐந்தாம் படி: குடும்பமும் பேரினமும்

வட்டவலை பின்னுவன எல்லாம் அரேனிடே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. கம்பளி இழைபோன்ற நூலால் வட்டவலை பின்னும் யுலோபோரிடே குடும்பத்துக்கு நச்சுச் சுரப்பியே கிடையாது. நீண்ட தாடையும் நீண்ட உடலும் கொண்டு நீரோரத்தில் சாய்ந்த வலை கட்டுபவை டெட்ராக்னாதிடே. வயல்வெளியில் இவையே ஏராளம். இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்து ஈரமான சருகில் வாழ்பவை வேறு பல சிறு குடும்பங்களுக்கு உரியவை. மார்புத்தட்டின் முன்விளிம்பில் இரு சிறு குழிகள் இருந்தால் அது தெரிடியோசோமாடிடே. அரேனிடேக்கு எட்டுக் கண்கள் இரு வரிசையில் அமைந்து, பக்கக் கண்கள் நடுக்கண்களிலிருந்து நன்கு விலகியிருக்கும்; கண்களுக்கும் தாடைக்கும் இடையே உள்ள பட்டை குறுகியது; காலின் நுனியில் மூன்று நகங்கள்.

பேரினத்தைத் தீர்மானிப்பது இதைவிடக் கடினம். நம் பகுதியில் சிறிய உருவுடையனவாக அடிக்கடி கையில் அகப்படுவன சைக்ளோசா, எரியோவிக்சியா, நியோஸ்கோனாவின் சிறியவை, அரேனியஸ் ஆகியவை. சைக்ளோசாவில் பெண்ணின் வயிறு நூலிழை முனைகளைத் தாண்டிப் பின்னால் நீண்டிருக்கும். தின்ற இரையின் எச்சங்களை வலையில் வரிசையாகக் கோத்து அதனிடையே தானும் ஒரு குப்பைத்துணுக்காக அமர்ந்திருக்கும். எரியோவிக்சியா மயிரடர்ந்து, பின்பக்கம் கூம்பாகச் சுருங்கியது. அரேனியஸ் என்ற பேரினம் நெடுங்காலமாகவே வகைதெரியாதவற்றைப் போட்டு வைக்கும் கூடையாக இருந்துவந்தது. உங்கள் சிலந்தியும் ‘எதிலும் பொருந்தாததால் அரேனியஸ்’ என்று வந்தால் அங்கேயே நின்று மறுபடி யோசியுங்கள்.

ஆறாம் படி: பழைய பெயர்களைத் தேடுதல்

இதுவே முதுகெலும்பு. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் உலகச் சிலந்திப் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு பேரினத்துக்கும் உள்ள சிற்றினங்கள், அவை விவரிக்கப்பட்ட ஆண்டு, பக்கம், ஆண் பெண் இரண்டும் தெரியுமா, ஒன்று மட்டுமா என்ற விவரங்கள் அதில் உண்டு. பதிவு செய்துகொண்டால் பழைய கட்டுரைகளின் பிரதிகளையும் பெறலாம். இருபதாண்டுக்கு முன் இவற்றுக்காக ஒரு மாணவர் சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் கடிதம் எழுதி மாதக்கணக்கில் காத்திருந்தார்.

உங்கள் பேரினத்தில் இந்தியா, இலங்கை, மியான்மர், தென்கிழக்காசியா, சீனா வரை பதிவான அனைத்துச் சிற்றினங்களையும் ஓர் அட்டவணையில் எழுதி, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வாருங்கள். ‘இந்தியாவில் இல்லையே’ என்று வெளிநாட்டுச் சிற்றினத்தைக் கழித்துவிடாதீர்கள். சிறு சிலந்திகள் நூலை வானில் விட்டுக் காற்றேறிப் பறப்பவை, அவற்றுக்கு எல்லைக்கோடு தெரியாது. இலங்கையிலுள்ளது பொதிகையிலும் இருப்பதில் வியப்பில்லை.

பழைய விவரிப்புகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். 1869-இல் ஸ்டோலிச்காவும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிமோனும், 1900-இல் போகாக்கும் எழுதிய விவரிப்புகள் பலவற்றில் படமே இராது. படம் இருந்தாலும் அது இன்று நமக்கு வேண்டிய உறுப்பைக் காட்டாது. இந்திய வட்டவலைச் சிலந்திகளைப் பற்றி டிகாதர் 1982-இல் வெளியிட்ட தொகுதி இன்றும் கைவிளக்காக உதவுவது. ஆயினும் அதிலுள்ள கோட்டோவியங்களை மட்டும் நம்பி ஒரு முடிவுக்கு வரக் கூடாது. ஐயம் எழுந்தால் அந்தச் சிற்றினத்தின் மூலமாதிரியை, அதாவது பெயர் சூட்டியபோது ஆதாரமாக வைத்த சிலந்தியையே, பார்த்தாக வேண்டும். போகாக்கின் மாதிரிகள் இலண்டனிலும், சிமோனுடையவை பாரிசிலும், டிகாதருடையவற்றில் பெரும்பாலானவை இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையிலும் உள்ளன. நேரில் போக முடியாதவர்கள் அங்குள்ள பொறுப்பாளருக்குப் பணிவாக எழுதிக் குறிப்பிட்ட உறுப்பின் படத்தைக் கேட்கலாம். எந்தக் கோணத்தில் வேண்டும் என்று ஒரு படத்தையும் வரைந்து இணைத்தால் வேலை எளிதாகும்.

ஆண் மட்டும் விவரிக்கப்பட்ட சிற்றினத்தை அட்டவணையில் தனியாகச் சிவப்பில் குறித்து வையுங்கள். உங்களிடம் பெண் மட்டுமே இருக்கிறதென்றால், அது அந்த ஆணின் இணையாக இருக்கலாம் அல்லவா? இந்த ஒரு கேள்வியைக் கேட்க மறந்ததனால்தான் ஒரே சிலந்திக்கு இரு பெயர்கள் சூட்டப்பட்டு, பின்னர் ஒன்று வேறொன்றின் இணைப்பெயராகத் தாழ்த்தப்படுகிறது.

ஏழாம் படி: நுண்ணோக்கியின் கீழே

பெண்ணின் அடிவயிற்றிலுள்ள கடினத் தட்டு எபிஜைன் எனப்படும். அரேனிடேயில் பலவற்றுக்கு அதன் நடுவிலிருந்து ஸ்கேப் என்ற சிறு வால்போன்ற நீட்சி தொங்கும். அடிப்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என மூன்று கோணங்களில் இதைப் பார்த்து வரைய வேண்டும். பின்னர் கூர்மையான ஊசிமுனையால் அதனை மெல்லப் பெயர்த்தெடுத்து, 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சில நிமிடம் இட்டுத் தசையைக் கரைத்துவிட்டுக் கழுவி, கிராம்பு எண்ணெயிலோ கிளிசரினிலோ வைத்தால், உள்ளே உள்ள விந்துப்பைகளும் அவற்றுக்குச் செல்லும் குழாய்களும் தெரியும். நேரம் தவறினால் உறுப்பே ஒளி ஊடுருவும் பஞ்சாகிவிடும். ஆகையால் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆய்வு முடிந்ததும் அந்தத் துணுக்கைச் சிறு குழாயிலிட்டு அதே சிலந்தியின் குப்பிக்குள்ளேயே சேர்த்து வைக்க வேண்டும்.

இங்கே ஒரு பெரும் பொறி இருக்கிறது. சில வட்டவலைச் சிலந்திகளில் புணர்ச்சியின்போது ஆண், பெண்ணின் ஸ்கேப்பை முறித்துவிடுகிறது. அதனால் பிற ஆண்கள் அப்பெண்ணோடு சேர முடியாமல் போகிறது. ஜப்பானில் சைக்ளோசா அர்ஜென்டியோஆல்பா என்ற சிற்றினத்தில் இது நன்கு ஆராயப்பட்டுள்ளது. முறிந்த பெண்ணையும் முறியாத பெண்ணையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இரு வேறு சிற்றினங்கள் என்றே சொல்லத் தோன்றும். தாமிரபரணிக் கரையில் பிடித்த ஒரு பெண் சிலந்திக்கு ஸ்கேப்பே இல்லை என்று மகிழ்ந்து, ‘ஸ்கேப் அற்றது’ என்பதையே முதன்மை வேறுபாடாக எழுதி, மூன்று மாதம் அதிலேயே செலவிட்ட அனுபவம் எனக்கு உண்டு. நண்பரொருவர் நுண்ணோக்கியில் ஒரு நிமிடம் குனிந்து பார்த்துவிட்டு, ‘இது உடைஞ்ச தழும்புல்லா’ என்றார். தட்டின் நடுவே ஒழுங்கற்ற விளிம்புடைய தழும்பு இருக்கிறதா என்று பார்க்காமல் ‘இல்லை’ என்ற சொல்லை எழுதாதீர்கள். அதே இடத்தில் பிடித்த வேறு பெண்களையும், கன்னிப்பெண் கிடைத்தால் அதனையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆணின் பெடிபால்ப் இன்னும் சிக்கலானது. அதன் முதுகோடான சிம்பியம் அரேனிடேயில் உட்பக்கமாகத் திரும்பி அமைந்திருப்பதால், பிற குடும்பங்களில் பழகியவர்கள் முதலில் திசைதடுமாறுவர். விந்தைச் செலுத்தும் கூரிய எம்போலஸ், அதனைத் தாங்கும் கண்டக்டர், நடுவிலுள்ள மீடியன் அபோபிசிஸ், அடியில் கொக்கிபோன்ற பாராசிம்பியம் ஆகிய ஒவ்வொன்றையும் உங்கள் அட்டவணையிலுள்ள நெருங்கிய சிற்றினங்களோடு ஒப்பிட வேண்டும். இடப்பக்கப் பெடிபால்ப்பை வரைவதே மரபு; அது முறிந்துபோய் வலப்பக்கத்தையே வரைய நேர்ந்தால், படத்தைத் திருப்பி அச்சிட்டதாக வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஆணின் முதற்காலின் அடிக்கணுவில் சிறு கொக்கியும், இரண்டாம் காலின் தொடையில் அதற்கேற்ற பள்ளமும் பல அரேனிடேக்களில் உண்டு. பார்க்க மறக்கக் கூடாத இடம் அது.

நிறத்தை நம்பி முடிவெடுப்பது ஏமாற்றத்தில் முடியும். வயலில் மிகுந்திருக்கும் நியோஸ்கோனா தெய்சியையே எடுத்துக்கொண்டால், ஒரே வரப்பில் பழுப்பும் சாம்பலும் வெண்கோடு ஓடியதுமாக வேறுவேறு சாயலில் பார்க்கலாம். வயிற்றுப் புள்ளிகளை மட்டும் வைத்துப் புதிதென்று அறிவிக்கப்பட்டவை பின்னாளில் பழைய பெயருக்குள் கரைந்ததைச் சிலந்தியியலின் வரலாறு நெடுகக் காணலாம்.

டிஎன்ஏ துணைசெய்யும். வலப்பக்கக் காலொன்றை எடுத்து, சிற்றினங்களை அடையாளம் காணப் பயன்படும் சிஓஐ என்ற மரபணுவின் ஏறக்குறைய 658 எழுத்துகள் கொண்ட துண்டைப் படித்து, பொதுத் தரவுத்தளத்தில் ஒப்பிடலாம். ஆனால் அத்தளத்தில் உங்கள் சிலந்தியின் உறவுகள் பதிவாகாமல் இருந்தால் ‘பொருத்தம் இல்லை’ என்ற விடைக்குப் பொருளே இல்லை. ஆணையும் பெண்ணையும் இணைப்பதற்கு அது தரும் சான்றுதான் உண்மையில் விலைமதிப்பற்றது.

எட்டாம் படி: அளத்தல்

கண்ணாடி அளவுகோலைக் கண்வில்லையில் பொருத்தி, ஒவ்வொரு உருப்பெருக்கத்துக்கும் தனித்தனியே அளவை சரிபார்த்த பின்னரே அளக்கத் தொடங்க வேண்டும். அளவுகள் மில்லிமீட்டரில், இரு தசமத்துக்கு. உடலின் மொத்த நீளம், தலைமார்பு ஓட்டின் நீள அகலம், வயிற்றின் நீள அகலம், கண்களின் குறுக்களவும் இடைவெளிகளும், ஒவ்வொரு காலின் கணுக்களும் வேண்டும். பெண்ணின் வயிறு முட்டை நிறைந்தால் வீங்கி, இட்டுவிட்டால் சுருங்கும். ஆதலால் ஒப்பிடுவதற்குத் தலைமார்பின் அகலமே உறுதியான அளவு.

கால் அளவை ‘முதற்கால் 5.42: தொடை 1.60, முழங்கணு 0.72, கீழ்க்கால் 1.28, நடுப்பாதம் 1.18, பாதம் 0.64’ என்ற வரிசையில் எழுதுவர். எந்தக் கால் நீளம், எது குட்டை என்பதை, நீளமானதில் தொடங்கிக் குட்டையானதில் முடியும்படி, 1243 என்பதுபோல் நான்கு இலக்கத்தில் சுருக்கிச் சொல்வது வழக்கம். அரேனிடேயில் மூன்றாவது கால்தான் எப்போதும் குட்டை. அனுப்புவதற்கு முன் கணுக்களைக் கூட்டிப் பாருங்கள். மதிப்பாய்வுக்காகக் கட்டுரைகளைப் படிக்கும்போது, கூட்டுத்தொகை மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்பதைத்தான் நான் கால்குலேட்டரை எடுத்து முதலில் சோதிப்பேன். அது தவறியிருந்தால் மற்ற எண்களையும் நம்பத் தோன்றுவதில்லை.

ஒன்பதாம் படி: எழுதுதல்

விவரிப்புக்கு நிலையான வரிசை உண்டு: பேரினம், புதிய சிற்றினம் என்ற குறிப்பு, மூலமாதிரிகள், பெயர்க்காரணம், வேறுபடுத்தும் குறிப்பு, விவரிப்பு, பரவல், வாழ்வியல். அனைத்துலக விலங்குப் பெயரிடல் விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பு 2000 சனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பெயரைச் சுமக்கும் மூலமாதிரியை, வழக்கமாக ஹோலோடைப் எனப்படும் ஒரே ஒரு மாதிரியை, வெளிப்படையாக அறிவித்து, அது எந்த அருங்காட்சியகத்தில் வைக்கப்படும் என்றும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பெயர் செல்லாது. உடன் படித்த மற்றவை பாராடைப்புகள். எந்தப் பாலில் வேறுபாடு தெளிவாகத் தெரிகிறதோ அதிலிருந்து, கால்கள் முறியாத ஒன்றை ஹோலோடைப்பாகத் தேர்ந்தெடுங்கள்.

வேறுபடுத்தும் குறிப்பையும் விவரிப்பையும் பலர் குழப்புகின்றனர். விவரிப்பு சிலந்தி எப்படி இருக்கிறது என்று சொல்லும். வேறுபடுத்தும் குறிப்பு அது எவற்றிலிருந்து, எதனால் வேறுபடுகிறது என்று சொல்லும். ‘எபிஜைன் தனித்தன்மை வாய்ந்தது’ என்று எழுதினால் ஒன்றும் சொன்னதாகாது. ‘இன்ன சிற்றினத்தை நெருங்க ஒத்தது, ஆனால் ஸ்கேப்பின் நீளம் அதன் அகலத்தைப்போல் மூன்று மடங்கு, அதிலோ ஒன்றரை மடங்கு, எம்போலஸ் நேரானது, அதிலோ நுனியில் வளைந்தது’ என்று, இரு பக்கத்தையும் நிறுத்தி, படத்தின் எண்ணையும் தந்து எழுத வேண்டும். அட்டவணையில் கழித்துவந்த வேலையின் பலன் முழுவதும் இந்த ஐந்தாறு வரிகளில் வந்து சேர்கிறது.

பத்தாம் படி: பெயர் சூட்டுதல்

பேரினப் பெயரின் பாலுக்கேற்ப, பண்புச்சொல்லான சிற்றினப் பெயர் முடிய வேண்டும். அரேனியஸ் ஆண்பால் ஆதலால் அரேனியஸ் டயடெமாட்டஸ். சைக்ளோசா பெண்பால் ஆதலால் சைக்ளோசா கோனிகா. ஊர்ப்பெயரோடு ‘என்சிஸ்’ சேர்க்கலாம். ஓர் ஆணின் நினைவாக வைத்தால் ‘இ’, பெண்ணின் நினைவாக வைத்தால் ‘ஏ’ என முடியும். பொருநை என்பதுபோல் ஒரு பெயர்ச்சொல்லை அப்படியே நிறுத்தினால் பால் மாற்றம் இல்லை. தன் பெயரைத் தானே சூட்டிக்கொள்வதை விதி தடுக்கவில்லை. ஊர் சிரிக்கும், அவ்வளவுதான். 2016-இல் கர்நாடகத்து மேற்குத்தொடர்ச்சி மலையிலிருந்து விவரிக்கப்பட்ட எரியோவிக்சியா கிரிஃபின்டோரி, காய்ந்த இலைபோன்ற தன் வடிவத்துக்காக ஹாரி பாட்டர் கதையில் வரும் மந்திரத் தொப்பியின் உடைமையாளர் பெயரைப் பெற்றது. அப்படி விளையாட்டாகவும் வைக்கலாம்.

நம் ஊர்ப்பெயர்களில் இன்னொரு தொல்லை உண்டு. இலத்தீன் எழுத்தில் எழுதும்போது திருநெல்வேலியின் முதல் எழுத்துக்குப் பின் ‘எச்’ வருமா, பொதிகையில் ‘தி’க்கு எந்த எழுத்து, தமிழின் ழகரத்தை எப்படிக் காட்டுவது என்று ஆளுக்கொரு வழக்கம் இருக்கிறது. கட்டுரையின் தலைப்பில் ஒரு விதமாகவும் உள்ளே வேறு விதமாகவும் அச்சாகிவிட்டால், எது சரியான எழுத்து என்று பின்னால் வருபவர் ஒருவர் தீர்மானிக்க வேண்டிவரும். முதலில் வெளியான எழுத்துக்கூட்டலே நிலைக்கும் என்பதால் ஒன்றைத் தேர்ந்து, மெய்ப்பு வரும்போது ஒவ்வொரு பக்கத்திலும் அதைத் தேடிச் சரிபாருங்கள்.

பதினோராம் படி: வெளியீடும் ஒப்படைப்பும்

கோயம்புத்தூரிலிருந்து வரும் ‘ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்ட் டாக்சா’, நியூசிலாந்திலிருந்து வரும் ‘சூடாக்சா’ போன்ற வகைப்பாட்டியல் இதழ்களில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். மின்வடிவில் மட்டும் வெளியாகும் இதழானால், 2012-இல் வந்த திருத்தத்தின்படி கட்டுரை விலங்குப் பெயர்களுக்கான சூபேங்க் என்ற இணையப் பதிவேட்டில் முன்பே பதிவாகி, அப்பதிவுக்கான சான்று கட்டுரைக்குள்ளும் இருந்தாக வேண்டும். கட்டுரை வெளிவரும் முன்னர் நாளிதழுக்குப் பேட்டி கொடுத்துப் பெயரையும் சொல்லிவிடும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். மதிப்பாய்வில் அது பழைய சிற்றினம் என்று தெரியவந்தால் பின்வாங்க முடியாது.

உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, புதிதாகக் கண்டறிந்த உயிரினத்தைப் பற்றி அதற்கென அறிவிக்கப்பட்ட களஞ்சியத்துக்குத் தெரிவித்து மாதிரியை ஒப்படைக்க வேண்டும் என்கிறது. விலங்குகளுக்கு இந்திய விலங்கியல் ஆய்வுத்துறை அத்தகைய களஞ்சியம். அதன் தென்மண்டல மையம் சென்னையில் இருக்கிறது. ஒப்படைப்பைக் கட்டுரை அனுப்புவதற்கு முன்பே முடித்துப் பதிவெண்ணைப் பெற்றுவிட்டால் அந்த எண்ணைக் கட்டுரையிலேயே அச்சிடலாம். ஹோலோடைப்பைக் கல்லூரி அலமாரியில் வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் போகவில்லை. எரிசாராயம் வற்றிக் காய்ந்துபோன அலமாரிக் குப்பிகளை நான் பார்த்திருக்கிறேன். பாராடைப்புகளை இரண்டு நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் ஒன்று அழிந்தாலும் மற்றது இருக்கும்.

குப்பியை அனுப்பும்போது பஞ்சால் அடைத்து எரிசாராயத்தை விளிம்புவரை நிரப்புங்கள்; காற்றுக்குமிழி உள்ளே இருந்தால் பேருந்துக் குலுக்கலில் சிலந்தி அதோடு மோதி மோதிக் கால்களை உதிர்த்துவிடும். வன அலுவலகத்துக்கு அனுமதி எண்ணோடு கட்டுரையின் ஒரு பிரதியை அனுப்புங்கள்; அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது அதைக் கேட்பார்கள்.